நட்பாட்டத்தின் அரசியல்: பனிக்கால ரஷ்யாவில் ஒரு கால்பந்துக் கோப்பையின் எழுச்சியும் தேய்வும்

ஒரு பேரரசு கலையும்போது அதன் படை, கருவூலம், தூதரகங்கள், அணு ஆயுதங்கள் ஆகியவற்றை யார் எடுத்துக்கொள்வது என்பது குறித்து ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அதன் விளையாட்டு அட்டவணையை யார் எடுத்துக்கொள்வது என்பது குறித்து யாரும் எழுதுவதில்லை. 1991 டிசம்பர் 8 அன்று பெலாரஸின் காட்டு மாளிகை ஒன்றில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் ஆகிய மூன்று குடியரசுகளின் தலைவர்கள் சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று கையொப்பமிட்டனர். டிசம்பர் 21 அன்று அல்மா-அத்தாவில் மேலும் எட்டுக் குடியரசுகள் அவர்களோடு சேர்ந்தன. ‘விடுதலை பெற்ற நாடுகளின் பொதுநலவாயம்’ என்ற புதிய அமைப்பு உருப்பெற்றது. சோவியத் கால்பந்தின் உயர்நிலைச் சங்கப் போட்டி அதற்குச் சில வாரங்கள் முன்புதான் முடிந்திருந்தது. மாஸ்கோவின் சிஎஸ்கேஏ அதன் கடைசிச் சாம்பியன்.

அந்தச் சங்கப் போட்டி விட்டுச்சென்ற வெற்றிடத்தில் 1993 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு நட்புத் தொடர் நடந்தது. ‘பொதுநலவாயச் சாம்பியன்களின் கோப்பை’ என்பது அதன் பெயர். பிரித்தானியப் பேரரசின் வழிவந்த பொதுநலவாயத்தோடு இதற்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை. முன்னாள் சோவியத் குடியரசுகளின் சாம்பியன் கழகங்கள் ஜனவரியை ஒட்டிய சில நாள்கள் ரஷ்யாவில் கூடி, கூரையிட்ட உள்ளரங்கில், செயற்கைத் தரையில் ஆடிய தொடர் இது. விளையாட்டு வரலாற்று நூல்களில் இதற்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. ஆயினும், பொதுவாழ்வு ஒன்று எவ்வாறு மெல்ல மெல்லக் கலைகிறது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இத்தொடர் நல்ல சான்று.

ஒரு போட்டியின் முடிவால் எவருக்கும் தரவரிசைப் புள்ளியோ அடுத்த சுற்றுக்கான தகுதியோ கிடைக்காதபோது, அதில் பங்கேற்பது கட்டாயமற்ற செயலாகிறது. கட்டாயமற்ற இடத்தில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை, வந்தவர் தம் முதல் அணியோடு வருகிறாரா என்பவையே பொருளுடைய செய்திகளாகின்றன. உலகக் கோப்பைக்கு வராத நாடு தண்டனைக்கு உள்ளாகும். நட்பாட்டத்துக்கு வராத கழகம் தன் விருப்பத்தை மட்டுமே தெரிவிக்கிறது. இக்கோப்பையின் வரலாற்றை அத்தகைய விருப்பங்களின் பதிவேடாகப் படிக்க இயலும்.

குளிர்காலமும் நாட்காட்டியும்

இத்தொடர் அரசியலில் மட்டும் வேர்கொண்டதன்று. தட்பவெப்பத்திலும் அதற்கு வேர் உண்டு. சோவியத் கால்பந்து வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் நாட்காட்டியைப் பின்பற்றியது. மேற்கு ஐரோப்பிய நாடுகளோ இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிப்பவை. ஐரோப்பியக் கழகக் கோப்பைகளின் கால் இறுதி மார்ச் மாதத்தில் வரும். அப்போது மேற்கத்திய அணி பருவத்தின் நடுவில் நின்று சூடாக இருக்கும். சோவியத் அணியோ மூன்று மாத உறைபனிக்குப் பின் முதல் பந்தைத் தொட்டிருக்கும். கியூவின் டைனமோ 1975இலும் 1986இலும், திபிலீசியின் டைனமோ 1981இலும் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்றன. அவ்வெற்றிகள் இந்தத் தடையையும் மீறி ஈட்டப்பட்டவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பனிக்காலத்தை எப்படிக் கழிப்பது என்ற வினா சோவியத் ஆட்டக்காரர்களைத் தொலைதூரங்களுக்கு இட்டுச்சென்றது. இந்திய வாசகர்களுக்கு அதன் ஒரு முகம் அறிமுகமானதே. 1980களில் நேரு கோப்பைக்காகச் சோவியத் அணி கேரளத்துக்கு வந்து, 1985இல் கொச்சியிலும் 1986இல் திருவனந்தபுரத்திலும் அக்கோப்பையை வென்றது. இந்தியாவுடனான அரசுமுறை நட்பு ஒருபுறம் இருக்க, உறைந்த மாஸ்கோவில் ஆட முடியாத மாதத்தில் வெயிலும் புல்தரையும் கிடைத்தன என்பதும் அவ்வருகைக்குக் காரணமாயிற்று. அதற்கும் முன்பு, 1978ஆம் ஆண்டு கொல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை மோகன் பகான் அணியோடு பகிர்ந்துகொண்டது ஆர்மீனியத் தலைநகரின் அராரத் யெரெவான். அன்று கொல்கத்தா அதை ஒரு சோவியத் அணியாகவே கண்டது. பதினைந்து ஆண்டுகளில் அந்த அடைமொழி இல்லாமற்போகும் என்று அரங்கில் இருந்தவர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

எனவே, 1993இன் கோப்பைக்கு ஒரு நடைமுறைத் தேவை முன்னரே இருந்தது. குளிர்காலத்தில் நல்ல எதிரணியோடு ஆடக் கூரையிட்ட அரங்கம் வேண்டும். 1980 ஒலிம்பிக்கிற்காக மாஸ்கோவில் கட்டப்பட்ட ‘ஒலிம்பிய்ஸ்கி’ உள்ளரங்கம் முழு அளவுக் கால்பந்துத் தரையை உள்ளடக்கக்கூடியதாக இருந்தது. மற்றொரு குடியரசின் தலைநகரில் அத்தகைய வசதி இருந்திருந்தால், கோப்பையின் வரலாறு வேறாகியிருக்கலாம். பேரரசின் மையத்தில் குவிக்கப்பட்ட கட்டுமானம், பேரரசு மறைந்த பின்னும் மையத்தை மையமாகவே வைத்திருந்தது.

சங்கம் கலைந்த வரிசை

சோவியத் சங்கப் போட்டி ஒரே நாளில் சிதறவில்லை. அரசு கலைவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்பே கால்பந்தில் பிளவு தோன்றிவிட்டது. 1990ஆம் ஆண்டுப் பருவத்திலேயே லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் வில்னியூசும் ஜார்ஜியக் கழகங்களும் விலகின. தனி நாடு கோரியவர்கள் தனிச் சங்கப் போட்டியை முதலில் கோரினர் என்று இதனைச் சொல்லலாம். கொடியும் நாணயமும் பெறுவதற்கு மாஸ்கோவின் இசைவு வேண்டியிருந்தது; ஆட்ட அட்டவணையிலிருந்து பெயரை நீக்கிக்கொள்ள ஒரு கடிதம் போதுமானதாயிற்று.

1991இன் கடைசிப் பருவத்தில் எஞ்சிய பதினாறு அணிகளின் பங்கீடு நோக்கத்தக்கது. ரஷ்யாவிலிருந்து 6, உக்ரைனிலிருந்து 6, ஆர்மீனியா, பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய குடியரசுகளிலிருந்து தலா 1. ஆறு தலைநகரங்களையும் துறைமுகங்களையும் சுரங்க நகரங்களையும் இணைத்து, யெரெவானிலிருந்து மின்ஸ்க்குக்கும் துஷன்பேயிலிருந்து ஒதெஸாவுக்கும் அணிகள் பறந்த ஏற்பாடு அது. அவ்வேற்பாட்டுக்கு உயிர்விலையும் உண்டு. 1979 ஆகஸ்ட் 11 அன்று மின்ஸ்க் ஆட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்த தாஷ்கண்டின் பக்தகோர் அணியினர் 17 பேர், உக்ரைன் வானில் இரு விமானங்கள் மோதிய விபத்தில் மாண்டனர்; மொத்தம் 178 பேர் உயிரிழந்தனர். ஓர் உஸ்பெக் அணி, பெலாரஸ் நகரத்துக்குப் போகும் வழியில், உக்ரைன் மண்ணில் விழுந்தது. அந்த ஒற்றை நிகழ்வின் நிலவியலே அனைத்தொன்றியச் சங்கப் போட்டியின் நிலவியல்.

1992இல் எல்லாம் விரைந்தது. அவ்வாண்டு ஜூனில் சுவீடனில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் பொதுநலவாயத்தின் பெயரால் ஓர் அணி ஆடியது. ஜெர்மனியோடும் நெதர்லாந்தோடும் சமன் செய்து, ஸ்காட்லாந்திடம் மூன்று கோல்களில் தோற்று வெளியேறியது. அதன்பின் அவ்வணி ஆடவேயில்லை. சோவியத் கூட்டமைப்பின் உறுப்புரிமையும் 1994 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று இடமும் ரஷ்யாவிடம் சென்றன. உக்ரைன் அத்தகுதிச்சுற்றில் பங்கேற்க இயலவில்லை. உக்ரைனில் பிறந்த கான்செல்ஸ்கிஸ், ஒனோப்கோ, சிம்பலார், நிகிஃபரொவ் போன்றோர் ரஷ்ய அணிக்கு ஆடியதன் பின்புலம் இதுவே. குடியுரிமை என்பது பலருக்கு மொழியையும் பிறப்பிடத்தையும் பற்றிய வினாவாக இருந்த ஆண்டில், இவர்களுக்கு அது பணிவாழ்வைப் பற்றிய வினாவாகவும் இருந்தது.

கோப்பையின் வரைபடம்

சோவியத் கால்பந்து நிருவாகத்தில் நெடுங்காலம் இருந்து, 1992இல் ரஷ்யக் கால்பந்து ஒன்றியத்தின் தலைவரான வியாச்செஸ்லவ் கொலஸ்கொவ் இத்தொடரின் முதன்மை ஆதரவாளர். தொடர் தொடங்கிய காலச்சூழலை மறக்கலாகாது. 1992 ஜனவரி 2 அன்று ரஷ்யாவில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, அவ்வாண்டில் விலைவாசி இருபது மடங்குக்கும் மேல் உயர்ந்தது. தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர். கரபாக்கில் ஆர்மீனியாவும் அசர்பைஜானும் போரில். ஜார்ஜியாவில் அரசு கவிழ்ந்து ஆயுதக் குழுக்கள் தெருவில். மால்டோவாவின் நீஸ்தர் கரையில் 1992 கோடையில்தான் துப்பாக்கிகள் அடங்கியிருந்தன. இத்தகைய ஆண்டுகளில் இந்நாடுகளின் சாம்பியன்களை ஒரே நகரத்தில் ஒரே வாரத்தில் கூட்டியதே ஒரு செயல்தான்.

கோப்பையின் வரைபடம் அரசியல் பொதுநலவாயத்தின் வரைபடத்தைவிடப் பெரிது. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய பால்டிக் நாடுகள் அந்த அமைப்பில் ஒருநாளும் சேரவில்லை. சேரும் எண்ணமும் அவற்றுக்கு இல்லை. எனினும் அவற்றின் சாம்பியன் கழகங்கள் இக்கோப்பைக்கு வந்தன. 1991 முதல் 2004 வரை தொடர்ந்து பதினான்கு முறை லாத்வியப் பட்டம் வென்ற ரீகாவின் ஸ்கோன்தோ, மாஸ்கோவின் குளிர்கால விருந்தினராக நன்கு அறியப்பட்டது. தொடரின் பெயரைச் சொல்லும்போது ‘பால்டிக் நாடுகளின்’ என்ற சொல்லையும் இணைத்துக் கூறும் வழக்கு இதனால் எழுந்தது. அமைப்பை ஏற்காமல் ஆட்டத்தை ஏற்பது இயலும் என்பதற்கு அந்த இணைப்புச்சொல்லே சான்று.

மற்றொரு எல்லையையும் கோப்பை கடந்தது. விடுதலைக்குப் பின் மத்திய ஆசியக் குடியரசுகள் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில் சேர்ந்தன. கசகஸ்தான் மட்டும் 2002இல் ஐரோப்பாவுக்கு மாறியது. ஆகவே உஸ்பெக் சாம்பியனும் உக்ரைன் சாம்பியனும் எந்த அதிகாரபூர்வப் போட்டியிலும் சந்திக்க வழியில்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்கு இருமுறை சந்தித்த கழகங்களுக்கு இப்போது இக்குளிர்காலத் தொடர் ஒன்றே பொது அரங்கு.

வெற்றியாளர் பட்டியலைப் படித்தல்

ஒரு தொடரின் வெற்றியாளர் பட்டியல் வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. 1993, 1994, 1995 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மாஸ்கோவின் ஸ்பார்தக் வென்றது. அதனை ரஷ்யாவின் மேலாதிக்கம் என்று எளிதில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஸ்பார்தக்கின் நடுநாயகம் லுகான்ஸ்கில் பிறந்த ஒனோப்கோ. ஒதெஸாவிலிருந்து வந்தவர்கள் சிம்பலாரும் நிகிஃபரொவும். சிதறிய சங்கப் போட்டியின் திறன் மாஸ்கோவின் ஒரே கழகத்தில் சேர்ந்து நின்றது. சரியாகச் சொன்னால், கோப்பையை வென்றது ரஷ்யக் கழகத்தின் பெயரில் நின்ற ஒரு சோவியத் அணி.

1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளில் கியூவின் டைனமோ வென்றது. 1999, 2000, 2001 மீண்டும் ஸ்பார்தக். 2002 மீண்டும் டைனமோ. பத்து ஆண்டுகளில் இரண்டே பெயர்கள். சோவியத் சங்கப் பட்டத்தை 13 முறை வென்றது டைனமோ. 12 முறை வென்றது ஸ்பார்தக். மறைந்துவிட்ட போட்டியின் முதன்மைப் பகை இக்கோப்பையில் ஒரு தசாப்தம் உயிரோடு இருந்தது. அந்த ஆண்டுகளில் கழகங்கள் இத்தொடரைப் பொருட்டாக மதித்ததற்குக் காரணம் நினைவு மட்டுமன்று. மார்ச் மாதத்து ஐரோப்பிய ஆட்டங்களுக்கான ஆயத்தமும் ஆகும். லொபனோவ்ஸ்கி மீண்டும் பொறுப்பேற்ற டைனமோ, 1999 மார்ச்சில் மாட்ரிடின் ரியாலை வீழ்த்தி ஐரோப்பியச் சாம்பியன் சங்கத்தின் அரை இறுதிக்குச் சென்றது. ஸ்பார்தக்கின் அனுபவமோ எதிரானது. 1995 இலையுதிர்காலத்தில் அச்சங்கத்தின் பிரிவு ஆட்டங்கள் ஆறையும் வென்ற அவ்வணி, குளிர்காலத்தில் முதன்மை ஆட்டக்காரர் பலரை வெளிநாடுகளுக்கு இழந்து, மார்ச்சில் பிரான்சின் நாந்திடம் தோற்றது. குளிர்காலம் முன்பு உறைபனியால் அணிகளை நலிவித்தது. இப்போது ஆட்டக்காரர்ச் சந்தையால் நலிவித்தது.

2003இல் பட்டியல் முறிகிறது. அவ்வாண்டின் வெற்றியாளர் திராஸ்போலின் ஷெரிஃப். மால்டோவாவின் சாம்பியனாக வந்த அக்கழகத்தின் நகரம், மால்டோவாவின் ஆட்சிக்கு உட்படாத, உலக நாடுகளால் ஏற்கப்படாத நீஸ்தர்க்கரைப் பகுதியின் தலைநகரம். 1992இன் போரில் தோன்றிய எல்லைக்கு அப்பால் அமைந்த கழகம், எந்த நாட்டிலிருந்து அவ்வூர் பிரிய முயன்றதோ அந்நாட்டின் சாம்பியனாகப் பொதுநலவாயக் கோப்பையை உயர்த்தியது. பொதுநலவாயத்தின் முரண்களை இதைவிடச் சுருக்கமாக ஓர் அரசியல் ஆவணமும் சொல்லியதில்லை. அதே ஷெரிஃப் 2009இலும் வென்றது. பின்னர் 2021 செப்டம்பரில் மாட்ரிடின் ரியாலை அதன் சொந்த அரங்கில் வென்றபோதுதான் உலகம் அதன் பெயரை அறிந்தது.

2004இல் திபிலீசியின் டைனமோ, 2005இல் மாஸ்கோவின் லோகோமோதிவ், 2006இல் பாகுவின் நெஃப்தசி, 2007இல் தாஷ்கண்டின் பக்தகோர், 2008இல் அசர்பைஜானின் கசர் லெங்கரான், 2010இல் கசானின் ரூபின், 2011இல் இன்தர் பாகு. 2006 முதல் 2011 வரையிலான ஆறு தொடர்களில் மூன்றை அசர்பைஜானின் மூன்று வெவ்வேறு கழகங்கள் வென்றன. காஸ்பியன் எண்ணெய் மத்தியதரைக் கடலுக்குக் குழாய்வழி பாயத் தொடங்கிய ஆண்டுகள் அவை. இப்பட்டியலை விளிம்பின் எழுச்சியாகப் படிப்பது இயல்பு. அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, மையம் ஆர்வம் இழந்தது என்பதாகும். பெருங்கழகங்கள் பின்னாளில் இத்தொடருக்கு இளையோரையும் மாற்று ஆட்டக்காரரையும் அனுப்பலாயின. வலியவர் பாதி மனத்தோடு ஆடும் தொடரில் எளியவர் வெல்வதை எழுச்சி என்று மட்டும் எழுதினால், வரலாறு இனிமையாகும், துல்லியமாகாது.

பெருங்கழகங்கள் எங்கே போயின?

2006, 2007, 2008 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்தில் ரஷ்யாவின் முதல் தொலைக்காட்சி அலைவரிசையின் பெயரால் மற்றொரு நட்புத் தொடர் இஸ்ரேலில் நடந்தது. ரஷ்யா, உக்ரைன் ஆகிய இரு நாடுகளின் முன்னணிக் கழகங்கள் அங்கே வெயிலில், இயற்கைப் புல்தரையில் ஆடின. தேதிகளை ஒப்பிட்டால் போதும். பொதுநலவாயக் கோப்பையில் விளிம்பின் வெற்றி தொடங்கிய அதே ஆண்டுகள் இவை.

இதன் பொருள் ஆழமானது. 1993இன் தொடர் அனைவருக்கும் இடம் தந்தது. துஷன்பேயின் கழகத்துக்கும் கியூவின் கழகத்துக்கும் அங்கே ஒரே தகுதி. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சாம்பியன், ஓர் இடம். இஸ்ரேலில் நடந்த தொடரோ விற்பனைக்குரிய பெயர்களை மட்டும் தேர்ந்தது. சோவியத் சங்கப் போட்டியின் நினைவிலிருந்து சந்தைக்கு ஏற்ற பகுதி, அதாவது மாஸ்கோவும் கியூவும் தோனெத்ஸ்க்கும், தனியே எடுத்துச்செல்லப்பட்டது. யெரெவானும் தாஷ்கண்டும் ரீகாவும் கூரையின் கீழ் விடப்பட்டன. பொது மரபு ஒன்று கலையும்போது அதன் எதிரிகள் அதை உடைப்பதைவிட, அதன் செல்வந்த வாரிசுகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறுவதே மிகுதியாக நிகழ்கிறது. ஐரோப்பியக் கால்பந்திலும் பின்னர் எழுந்த ‘சூப்பர் லீக்’ விவாதத்தில் இதே தர்க்கத்தைக் காணலாம்.

நாட்காட்டியும் மாறியது. ரஷ்யா 2011–12 பருவத்தில் மேற்கு ஐரோப்பிய முறைக்குத் தன் சங்கப் போட்டியை மாற்றிக்கொண்டது. குளிர்காலம் பருவத்தின் நடு இடைவேளையாயிற்று. அணிகள் துருக்கி, சைப்ரஸ், ஸ்பெயின், வளைகுடா நாடுகள் ஆகிய இடங்களின் பயிற்சி முகாம்களில் ஆடின. உள்ளரங்கத்துக்கான நடைமுறைத் தேவை தேய்ந்துவிட்டது. 2012 முதல் கழகங்கள் விடைபெற்று, தேசிய இளையோர் அணிகளின் தொடராக அக்கோப்பை மாறியது. 2016க்குப் பின் அது நடைபெறவில்லை. அதனை ஒழிக்கும் ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

மீட்க முயன்றோர்

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. 2012இன் இறுதியில் ரஷ்யாவின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் தலைவர் அலெக்ஸி மில்லர், ரஷ்ய, உக்ரைன் கழகங்களுக்கு ஒன்றுபட்ட சங்கப் போட்டி வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். முன்னாள் பயிற்சியாளர் வலேரி கஸ்ஸாயெவ் அதற்கான அமைப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். உலக, ஐரோப்பியக் கால்பந்து அமைப்புகளின் ஒப்புதல் கிட்டவில்லை. எனினும் வெள்ளோட்டமாக 2013 கோடையில் நான்கு கழகங்களின் தொடர் ஒன்று நடந்தது. 2014 குளிர்காலத்தில் இஸ்ரேலில் மறு தொடர். பீட்டர்ஸ்பர்க்கின் ஜெனித், மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, தோனெத்ஸ்க்கின் ஷக்தர், கார்கிவின் மெத்தலிஸ்த் ஆகியவை ஆடின. நாள், 2014 பிப்ரவரியின் முதல் வாரம்.

கியூவின் விடுதலைச் சதுக்கத்தில் அப்போது தடுப்பரண்கள் எழுந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. இரு வாரங்களில் அங்கே துப்பாக்கிச் சூடு. மார்ச்சில் கிரீமியா ரஷ்யாவோடு இணைக்கப்பட்டது. கோடையில் தோனெத்ஸ்க் போர்க்களமாயிற்று. ஷக்தர் தன் நகரத்தைவிட்டு வெளியேறியது, இன்றுவரை திரும்பவில்லை. 2016இல் மெத்தலிஸ்த் கலைந்தது. 2014 ஜூலையில், ரஷ்ய, உக்ரைன் கழகங்கள் ஒன்றோடொன்று மோதாதவாறு குலுக்கலை அமைப்பதென ஐரோப்பியக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யக் கழகங்களும் தேசிய அணிகளும் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து இடைநிறுத்தப்பட்டன. நட்பாட்டத்தில் தொடங்கிய இருபது ஆண்டுகள், குலுக்கல் பானையில்கூட இரு பெயர்கள் அருகருகே விழலாகாது என்ற விதியில் முடிந்தன.

எவ்வாறு மதிப்பிடுவது?

இக்கோப்பையைப் பற்றி இருவகை விளக்கங்கள் இயல்பாக எழும். ஒன்று, அது மாஸ்கோவின் மென்னாதிக்கக் கருவி. நடத்துநர் ரஷ்யா, இடம் எப்போதும் ரஷ்யா, முதலில் மாஸ்கோ, பின்னாளில் பீட்டர்ஸ்பர்க். சாம்பியன்கள் மையத்துக்கு வருவார்களேயன்றி, மையம் ஒருநாளும் அவர்களிடம் செல்லவில்லை. தொடர் சுழற்சிமுறையில் திபிலீசிக்கோ தாஷ்கண்டுக்கோ சென்றிருந்தால், அது வேறொரு பொதுநலவாயத்தின் அடையாளமாகியிருக்கும். இரண்டாவது விளக்கம், அது குளிர்கால வசதி மட்டுமே என்பது. கூரை இருந்தது, எதிரணி கிடைத்தது, மொழி பொதுவானது, அவ்வளவே.

இரண்டையும் தனித்தனியே ஏற்க இயலாது. கருவி என்ற விளக்கம், பொதுநலவாயத்தையே மறுத்த பால்டிக் கழகங்கள் ஏன் வந்தன என்பதற்கு விடை தராது. வசதி என்ற விளக்கம், வசதி வேறிடத்தில் கிடைத்த பின்னும் சிறு கழகங்கள் ஏன் 2011 வரை முழு மனத்தோடு ஆடின என்பதற்கு விடை தராது. ஐரோப்பியத் தகுதிச்சுற்றின் முதல் படியிலேயே வெளியேறும் ஒரு கழகத்துக்கு, ஸ்பார்தக்கோடோ டைனமோவோடோ ஆடும் தொண்ணூறு நிமிடங்கள் பெறற்கரியவை. ஆட்டக்காரர்கள் அங்கே தேர்வாளர்களின் கண்ணில் பட்டனர். பயிற்சியாளர்கள் தம் பழைய தோழர்களைச் சந்தித்தனர். 2010இல் வென்ற கசானின் ரூபினுக்குப் பயிற்சி தந்த குர்பான் பெர்தியெவ், துருக்மெனிஸ்தானின் அஷ்காபாத்தில் பிறந்தவர். ஒரு குடியரசில் பிறந்து மற்றொன்றில் உயர்ந்த இத்தகைய வாழ்க்கைகள் சோவியத் காலத்தில் இயல்பு; பின்னர் அரிது. அவற்றுக்கு ஆண்டுக்கொரு முறையேனும் பொருள் கிடைத்த இடம் அந்த உள்ளரங்கம்.

இத்தொடர் எதைச் சாதிக்கவில்லை என்பதும் தெளிவு. சங்கப் போட்டி வாரந்தோறும் நடப்பது; தோற்றவருக்கு அடுத்த ஞாயிறு உண்டு. பகைமையை வழக்கமாக்கி, வழக்கத்தின் வழியே பொறுக்கத்தக்கதாக்குவது அந்த வாராந்தரத் தன்மையே. ஆண்டுக்கு ஒரு வாரம் கூடுவது திதி கொடுப்பதைப் போன்றது. மறைந்தவரை நினைக்கலாம், அவரோடு வாழ இயலாது. பொதுவாழ்வைத் தாங்கிநின்ற அன்றாட நிறுவனம் கலைந்த பின், அதன் நினைவைக் கொண்டாடும் விழா எத்துணை நேர்மையோடு நடத்தப்பட்டாலும் அந்நிறுவனத்தின் பணியைச் செய்யாது.

இந்தியத் துணைக்கண்டத்தின் விளையாட்டு வரலாற்றை ஆராய்வோருக்கும் இதில் பயன் உண்டு. பிரிவினைக்குப் பின் பொதுப் போட்டிகளில் எவை தொடர்ந்தன, எவை நின்றன, எவை நட்பாட்டம் என்ற பெயரில் சிறிது காலம் நீடித்தன என்ற வினா இங்கும் முறையாகக் கேட்கப்பட வேண்டியது. எல்லை வரையப்பட்ட நாளையே பெரும்பாலோர் ஆராய்கின்றனர். எல்லைக்குப் பின்னும் சில காலம் மக்கள் பழைய அட்டவணையின்படி ஒருவரையொருவர் சந்திக்க முயன்ற ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடக்கின்றன. உறவு முறிந்த கதையின் பெரும்பகுதி அந்த ஆண்டுகளில்தான் எழுதப்பட்டது. யாரும் போர் அறிவிக்காமல், ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டதன் வழியே.